சிரிப்புக்கு ஒரு மைக்

பட்டிமன்றத்தில் பேச வேண்டுமென்றால் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாற்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியில் வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. ஜங்ஷனிலிருந்து டவுணுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போட்டவரும், அந்தத் துண்டை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தவரும், பாலம் ஏறி இறங்குவதற்குள் இரண்டு அணியாகி, கண்டக்டரை நடுவராக்கி, இறங்கும்போது சிரித்தபடி விடைபெறுகிற ஊர் இது. நான் வேலை பார்ப்பதோ குடிநீர் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில். குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் விதவிதமாகச் சொல்ல வேண்டிய மேசை என்னுடையது. வாய்க்கு அங்கே நல்ல பயிற்சி.

மேடை வேறு. மேடையில் ஒருவன் தானாகப் பேச்சாளர் ஆவதில்லை. நடுவர் ஆக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நடுவர் என்றால் கடைசியில் தீர்ப்புச் சொல்பவர். உண்மையில் அணியைச் சேர்ப்பவர் அவர்தான். யார் முதலில், யார் கடைசியில், யாருக்கு எப்போது மணி அடிப்பது, யாருக்கு அடிக்க மறந்துபோவது எல்லாம் அவர் கையில். வேனில் முன் சீட்டும் அவருக்குத்தான். எங்கள் நடுவர் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவர், பாளையங்கோட்டையில் வீடு. அவர் பட்டிமன்றங்களில் பேசுகிறவர்கள் ஆறு பேர். நான் ஏழாவது. அதாவது, ஆறு பேரில் யாருக்காவது தொண்டை கட்டினால், யார் வீட்டிலாவது விசேஷம் வந்தால் எனக்குப் போன் வரும். மற்ற நாட்களில் அந்த ஆறு பேரின் உடல்நலத்தையும் மிகுந்த அக்கறையோடு விசாரித்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு பாசமான ஆளைப் பார்த்ததில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

அப்படியிருக்க, தொலைக்காட்சிக்காரர்கள் பொங்கல் நிகழ்ச்சிக்காக எங்கள் பட்டிமன்றத்தை டவுணில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துப் படம்பிடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. அதே வாரம் ஆறு பேரில் ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க துபாய்க்குக் கிளம்பினார். ஒரு நாற்காலி காலி. கேமரா முன்னால் காலி.

நடுவர் போன் செய்தார். "விக்கிரமசிங்கபுரத்துல ஒரு அம்மன் கோயில் கொடைக்கு நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. அங்கன வந்து பேசும்வே. பாத்துட்டுச் சொல்லுதேன்."

இந்த 'பாத்துட்டுச் சொல்லுதேன்' என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. எனக்குப் பதற்றம் வயிற்றில் தொடங்கும். பிறகு மேலே ஏறி மூளைக்கு யோசனை சொல்ல ஆரம்பிக்கும். வயிறு சொல்லும் யோசனைகளை மூளை இதுவரை மறுத்ததில்லை. அன்று வயிறு சொன்னது: நடுவருக்கு ஏதாவது கொண்டுபோய்க் கொடு. அல்வா எல்லாரும் கொடுப்பது, தவிர அவருக்குச் சர்க்கரை. ஆகவே பாய். பத்தமடையில் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரைச் சேர்த்தே நெய்து தருவார்கள். நடுவரின் பெயரோடு ஒரு பாய். இதுவரை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஏன் யாரும் செய்யவில்லை என்று யோசித்திருக்கலாம். பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் பெயரைக் கேட்டுக்கொண்டு, "பொண்ணு பேரு?" என்றார்.

"பொண்ணு இல்ல, அண்ணாச்சி."

"மாப்பிள்ளை பேரு மட்டுமா?"

"மாப்பிள்ளைக்கு எழுபதைத் தாண்டியாச்சு."

"அல்லா நல்ல ஆயுசக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, "கரை சிவப்பா, பச்சையா?" என்று வேலைக்குத் திரும்பிவிட்டார். வியாபாரம் தெரிந்தவர்.

பாயை நடுவர் வீட்டில் விரித்துக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. உட்காரப் போனவர் பாதியில் நிமிர்ந்துவிட்டார். "என் பேரு மேல நானே எப்படிவே உக்காருதது?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார்: "மத்தவங்க உக்காந்தா மட்டும் நல்லாவா இருக்கும்?"

கடைசியில் அதைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். பாயைச் சுவரில் பார்த்தபடி காப்பி குடித்தேன். அதை நெய்தவர் பெயர் அதில் எங்கேயும் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கொஞ்சம் உஷாராகியிருப்பேன்.

கொடைத் திருவிழாவுக்குத் தலைப்பு: இன்றைய வாழ்வில் மகிழ்ச்சி அதிகம் இருப்பது கூட்டுக் குடும்பத்திலா, தனிக் குடும்பத்திலா? எனக்குத் தனிக் குடும்பம். இந்தத் தலைப்பில் தனிக் குடும்பம் ஜெயித்ததாக எங்கள் ஜில்லாவில் தகவல் இல்லை. கூட்டுக் குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு நடுவர் தன் தனிக் குடும்பத்துக்குத் திரும்பிப் போவார். அதனால் என்ன, எனக்கு வெற்றி தேவையில்லை. என்னிடம் ஒரு குக்கர் ஜோக் இருந்தது. அதை முழுசாக ஒரு மேடையில் சொல்லி, ஜனங்கள் சிரிப்பதைக் கேட்டுவிட வேண்டும். அதுவும் கேமரா முன்னால். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே நின்று, கையில் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"நடுவர் அவர்களே! தனிக் குடும்பத்தில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணுவது கணவன் வேலை. கூட்டுக் குடும்பத்தில் எண்ணுவதற்கு வீடு நிறைய ஆள் உண்டு. மாமா ஒரு கணக்கு சொல்வார், சித்தி ஒரு கணக்கு சொல்வாள், அத்தை எண்ணவே இல்லை, ஆனாலும் ஒரு கணக்கு சொல்வாள். சோறு குழைந்துவிட்டால் யாரும் பொறுப்பில்லை. நடுவர் அவர்களே, குழைந்த சோற்றுக்கு ஓர் உரிமையாளர் இருப்பது தனிக் குடும்பத்தில் மட்டும்தான்!"

நடுவில் வாயாலேயே விசில் சத்தமும் உண்டு. அது என் சொந்தச் சரக்கு.

அவள் கீரையிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள். "இதுல எந்த எடத்துல சிரிக்கணும்?"

"உரிமையாளர்னு சொன்ன உடனே."

"சரி, இன்னொரு தடவ சொல்லுங்க. உரிமையாளர் வந்ததும் சிரிச்சிருதேன்."

சொன்னேன். சிரித்தாள். சத்தியமாக, அதுவே எனக்குப் போதுமான தைரியத்தைக் கொடுத்தது. சிரித்து முடித்துவிட்டு, "போன வாரம் சோறு குழைஞ்சதுக்கு என்னையச் சொல்லுதீங்களா?" என்றாள். நல்ல கலை பார்வையாளரை யோசிக்க வைக்கும் என்று எங்கோ படித்ததை நினைத்துத் தேற்றிக்கொண்டேன்.

விக்கிரமசிங்கபுரத்தில் மேடை மில் தொழிலாளர்கள் வீடுகள் இருந்த ஒரு தெருவில் போட்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார்கள். பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்து மலைப்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு மைக்செட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலப்பாளையத்துக்காரர், தலையில் வெள்ளைத் தொப்பி. ஆற்றோரம் முழுக்க இவர் செட்டுதான். கோயில் கொடையா, மீலாது கூட்டமா, சர்ச்சில் அசன விருந்தா, குழாய் ஸ்பீக்கர் கட்டுவது இவர். ஆகவே மூன்று மதத்துக்கும் பேசுகிற ஆள் யார் யார் என்பது இவருக்குத்தான் தெரியும். ஆனால் இவர் பேச்சைக் கேட்பதில்லை, சத்தத்தைத்தான் கேட்பார். கையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் மேடையேறி மைக்கில் தெறித்த எச்சிலைத் துடைப்பார். பேச்சாளர்களை அவர் தரம் பிரித்து வைத்திருந்ததும் அந்தத் துணியை வைத்துத்தான். "அவரு பேசினா துணிய அலசணும்" என்பார் ஒருவரைப் பற்றி. "அவருக்குத் துணி பத்தாது, துவாலை வேணும்" என்பார் இன்னொருவரைப் பற்றி.

என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டார். "மைக்கத் தட்டுவீரா?"

"இல்ல, அண்ணாச்சி."

"ஊதிப் பாப்பீரா?"

"மாட்டேன்."

"விசில் கிசில் ஏதாவது உண்டா?"

உள்ளே குக்கரை வைத்திருப்பவன் என்ன சொல்வது? தொண்டையைச் செருமினேன். அவர் அதையும் கவனித்துக்கொண்டார்.

கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, ஆற்றிலிருந்து தீர்த்தக் குடம் கிளம்பியாச்சு, குடம் தெருவுக்குள் வந்துவிட்டால் மைக் சாமிக்கு, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கொடையில் அதுதான் வழக்கம். மேளம் உள்ளே வந்தால் மேடை வாயை மூட வேண்டும்.

எனக்கு முன்னால் பேசியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கூட்டுக் குடும்ப அணி. மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று உறவுமுறை ஒன்றையும் விடவில்லை. நடுவர் மணியைத் தொடவே இல்லை. வாத்தியாருக்கு அவர் எப்போதும் மணியை மறந்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது வெளியிலிருந்து வருகிறதா, என் வயிற்றிலிருந்து வருகிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

என் முறை வந்தது. வணக்கம் சொல்லி, நடுவரைப் புகழ்ந்து, "தனிக் குடும்பத்தில் குக்கர்..." என்று ஆரம்பித்தேன். தெருமுனையில் குடம் தெரிந்தது. நையாண்டி மேளம் வீடுகளில் பட்டு எதிரொலித்தது. சொல்ல வேண்டியது இன்னும் முழுசாகக் கிடக்கிறது. வேகமாகச் சொன்னால் முடித்துவிடலாம் என்று மூளை சொன்னது. என் வாய் என்னைக் கேட்காமல் இதைச் சொல்லிவிட்டது:

"ஆத்தா வந்துட்டா. இனிமே நான் பேசுதது மரியாதை இல்ல."

உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது, கால் விட்டுவிட்டது. பெண்கள் எழுந்து குலவையிட்டார்கள். ஒரு பெரியவர் மேடையருகே வந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்தி என்று நினைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை.

நடுவர் நேராக வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மைக்செட்டுக்காரர் மட்டும் வயரைச் சுற்றிக்கொண்டே, "உமக்குத் துணியே தேவைப்படல" என்றார். அதைத் தோல்விக்கான ஆறுதலாக எடுத்துக்கொண்டேன். வீட்டில் மனைவி கேட்டாள். "உரிமையாளர் வந்தாரா?" தெருமுனை வரை வந்ததாகச் சொன்னேன்.

சில நாட்கள் கழித்து நடுவர் போன் செய்தார். "டிவி நிகழ்ச்சில நீரு இருக்கீருவே. பட்டுச் சட்டை போட்டு வந்துரும்."

அன்று முழுக்க அலுவலகத்தில் யாருக்கும் தண்ணீர் வராத காரணத்தை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அரைகுறையாகப் பேசியதிலேயே நடுவர் என் திறமையைக் கண்டுகொண்டாரே, ஒரு பானைச் சோற்றை எடுத்துப் பார்க்காமலே வாசனையிலேயே தெரிந்துகொண்டாரே என்று நெகிழ்ந்துபோனேன். பாயும் கொஞ்சம் வேலை செய்திருக்கும் என்று வயிறு சொன்னது. அதையும் ஒத்துக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது மைக்செட்டுக்காரரைத்தான். தொலைக்காட்சிக்காரர்கள் மண்டபத்து ஒலிபெருக்கி வேலையை அவரிடம்தான் விட்டிருந்தார்கள்.

"வாரும்வே. நல்லாருக்கீரா? நான்தான் உம்ம பேரச் சொன்னேன்."

"யாருட்ட, அண்ணாச்சி?"

"டிவிக்காரங்ககிட்ட. இங்கன யாரு நல்லா பேசுவான்னு என்னையத்தான கேட்டாங்க. இந்தப் பக்கத்துல எந்தக் கோயில்ல கமிட்டி கூடினாலும் எனக்குத்தானவே மொதல்ல போன் வரும்."

"நடுவர்தான் என்னைச் சேத்ததா..."

"நடுவரையே நான்தானவே சொன்னேன்."

பாளையங்கோட்டையில் சுவரில் தொங்கும் பாய் கண்முன் வந்தது. தப்பான பெயரை நெய்யச் சொல்லியிருக்கிறேன்.

"என் பேச்ச நீங்க எங்க கேட்டீங்க? அன்னைக்கு நான் பேசவே இல்லையே."

"அதத்தான் அவங்ககிட்ட சொன்னேன். நிறுத்தத் தெரிஞ்ச ஆளுன்னு. பேசத் தெரிஞ்சவன் தெருவுக்குத் தெரு கெடக்கான்." சொல்லிவிட்டு நடுவருக்கு மைக் வைக்கப் போனார். நடுவர் அவர் காதில் குனிந்து, "நம்ம மைக்குல குரல் கொஞ்சம் கனமா வார மாதிரி வையும், அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அவ்வளவு பணிவான குரலில் நடுவர் பேசி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு பதற்றம் குறைய வேண்டும் அல்லவா? கூடியது. என் முகத்தில் ஒரு பெண் பவுடர் பூசினார், வேர்வை அதைக் கரைத்தது, மறுபடி பூசினார். மேடைக்குக் கீழே கிரிக்கெட் தொப்பி போட்ட டிவிக்காரர் ஒருவர் நின்று, கூட்டம் எப்போது கைதட்ட வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று இரண்டு கைகளையும் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அது கூட்டத்துக்கான சைகை; எனக்கு அது புரியவில்லை. பதற்றத்தில் இருப்பவனுக்கு யார் எதைச் சொன்னாலும் தன்னிடம் சொல்வதாகவே படும். அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் நான் சிரித்தேன்.

என் சிரிப்பு எப்படி என்று அதுவரை எனக்கும் தெரியாது. பயத்தில் வருகிற சிரிப்பு அது. முதலில் தோள் குலுங்கும், பிறகு வாய் திறந்து சத்தம் வராமல் நிற்கும், அப்புறம் எங்கிருந்தோ ஒரு கேவல், கண்ணில் தண்ணீர், கை தானாகத் தொடையில் அடிக்கும். யார் என்ன பேசினார்கள் என்பது ஒன்றும் என் காதில் விழவில்லை. தலைப்பு அதே குடும்பத் தலைப்புதான்; உள்ளே குக்கர் ஓடிக்கொண்டிருந்தது.

என் முறை வந்தபோது முழுசாகச் சொன்னேன். விசில் உட்பட. உரிமையாளர் உட்பட. கிரிக்கெட் தொப்பிக்காரர் கையைத் தூக்கினார், மண்டபம் சிரித்தது. சிரித்தது உரிமையாளருக்கா, கைக்கா என்று ஆராயும் நிலையில் நான் இல்லை. என் வேலை முடிந்துவிட்டது.

பொங்கலன்று எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டாரெல்லாம் கூடிவிட்டார்கள். நிகழ்ச்சி தொடங்கியது. நடுவர் முன்னுரையில் ஒரு கதை சொன்னார். உடனே திரை நிறைய என் முகம், கண்ணீரோடு சிரித்தபடி. வாத்தியார் நாத்தனார் என்றார், மறுபடி நான். யார் எதைச் சொன்னாலும் முடிவில் நான்தான் வந்தேன். எதிரணி என் அணியைக் கிழித்துத் தொங்கப்போட்ட இடத்திலும் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க கட்சிய ஏசுதாங்க, நீங்களே சிரிக்கீங்க" என்றாள் மனைவி.

பிறகு நான் எழுந்தேன். வணக்கம் சொன்னேன். "தனிக் குடும்பத்தில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணுவது கணவன் வேலை" என்றேன். அதோடு வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் என்னையே காட்டினார்கள், நாற்காலியில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதை. அதாவது பேசுவதும் நான், அதற்குச் சிரிப்பதும் நான். அடுத்து விளம்பரம்.

பக்கத்து வீட்டுக்காரர் என் முழங்காலைத் தட்டிச் சொன்னார். "அண்ணாச்சிக்கே அவரு பேச்சு ரொம்பப் புடிச்சுப் போச்சு போல."

இரண்டு நாளில் என் சிரித்த முகம் வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராக வந்துவிட்டது. யார் செய்தார்கள் என்று தெரியாது. எங்கள் அலுவலகக் குழுவில் முதலில் வந்தது. பிறகு, எங்கள் பகுதியில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் போட, மற்றவர்கள் அதன் கீழே என் ஸ்டிக்கரைப் போட ஆரம்பித்தார்கள். சந்திப் பிள்ளையார் முக்கில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு அம்மாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க டிவில சிரிச்சவருல்லா?" என்றார். பேசியவர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அதற்குள் கூட வந்தவரைக் கூப்பிட்டு, "ஏட்டி, இங்கன பாரு, அந்தச் சிரிக்கிற அண்ணாச்சி!" என்றார். ஒரு தடவை சிரித்துக் காட்டச் சொன்னார்கள். சிரிக்க வரவில்லை. பிறகு அவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோனதைப் பார்த்துப் பதறினேன். உடனே வந்துவிட்டது.

மாசியில் மைக்செட்டுக்காரர் போன் செய்தார். "சேரன்மாதேவி பக்கத்துல ஒரு கோயில்ல நம்ம நடுவரு செட்டக் கேக்காங்க. அந்தச் சிரிக்கிற ஆளும் வரணுமாம்."

"பேசவா?"

"நேரம் இருந்தாப் பேசும். இல்லேன்னா உக்காந்து சிரிச்சாப் போதும்."

போனேன். போக மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். மேடையின் ஓரத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி. அதன் பக்கத்தில், வளைந்த கம்பியில், வாய்க்கு நேராக ஒரு சின்ன மைக். இது எதற்கு என்று கேட்டேன். "சிரிப்புக்கு. உம்ம சிரிப்பு பின்னால இருக்கவங்களுக்கும் கேக்கணும்னு கமிட்டில சொல்லிட்டாங்க" என்றார். அன்று முதல் இந்த ஆற்றோரத்தில் சிரிப்பதற்கென்றே மைக் வைக்கப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். யாராவது மறுத்தால் மறுக்கட்டும்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நான் சிரிக்கிற இடத்தில்தான் கூட்டம் சிரித்தது. நான் சும்மா இருந்தால், எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும், ஜனங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் சிரித்தால் அது ஜோக். இல்லையென்றால் அது தகவல். ஒரு நாள் வாத்தியார் என் வீட்டுக்கு வந்தார், கையில் அல்வாப் பொட்டலம். ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டுப் பைய ஆரம்பித்தார்.

"நம்ம ஓரகத்தி ஜோக்குக்கு நீங்க சிரிக்கது கொஞ்சம் கொறைச்சலா இருக்கு, அண்ணாச்சி."

"அப்படியா?"

"நடுவருக்கு மட்டும் தொடையில அடிக்கீங்க. எனக்கு வெறும் தோளு."

பாத்துட்டுச் சொல்லுதேன் என்று என் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு எனக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. அல்வா நன்றாக இருந்தது. அடுத்த மேடையில் ஓரகத்திக்குத் தொடையில் அடித்தேன். நடுவரும் மேடை ஏறுவதற்கு முன் என் காதில், "அந்த மாமனார் கதைக்குக் கொஞ்சம் தாராளமா இரும்வே" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். மணி அவர் கையில், சிரிப்பு என் கையில், குழாய் மைக்செட்டுக்காரர் கையில். பேசுகிறவர்கள் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

குக்கர் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியாக வீரவநல்லூரில் ஒரு கொடை. அங்கும் சாயங்காலம்தான். வாத்தியார் பேசி முடித்தார், தொடையில் அடித்தேன். ஆற்றுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. மைக்செட்டுக்காரர் கீழேயிருந்து கையைக் காட்டினார். "குடம் வர நேரமாகும். பேசும்வே."

எழுந்து பேச்சு மைக்குக்கு வந்தேன். தெருமுனையைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. மேளம் இல்லை. என் வயிறுகூடச் சும்மா இருந்தது. நிதானமாகச் சொன்னேன். மாமா கணக்கு, சித்தி கணக்கு, எண்ணாமலே அத்தை சொன்ன கணக்கு. விசிலும் அடித்தேன்; குழாய் கீச்சென்று ஒரு தடவை கத்தியது; மைக்செட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். "குழைந்த சோற்றுக்கு ஓர் உரிமையாளர் இருப்பது தனிக் குடும்பத்தில் மட்டும்தான்!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

முன்வரிசைப் பெண்கள் என்னைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தைப் பார்த்தார்கள். காலியாக இருந்த என் நாற்காலியை. பின்னால் சைக்கிளில் சாய்ந்திருந்தவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று மனைவி கேட்டது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இந்த ஊர்களுக்கெல்லாம் சிரிக்கிற இடம் நான்தான். நான் அந்த இடத்தில் இல்லை.

வயிறு விழித்துக்கொண்டது. நடுவர் மணியின் மேல் கையை வைத்துவிட்டார். நான் பேச்சு மைக்கை விட்டுவிட்டு, மேடையின் குறுக்கே நடந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, வளைந்த கம்பி மைக்குக்கு நேராக வாயைக் கொண்டுபோனேன். பயம் இருக்கும்போது சிரிப்புக்குப் பஞ்சமில்லை. தோள் குலுங்கியது, கேவல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, தொடையில் அடித்தேன். தெரு முழுக்க வெடித்துச் சிரித்தது. நடுவரே மேசையைத் தட்டினார். குடம் வந்து மேளம் உள்ளே நுழையும் வரை சிரிப்பு அடங்கவில்லை.

எல்லாம் முடிந்து செட்டைப் பிரிக்கும்போது மைக்செட்டுக்காரர் துணியோடு மேடைக்கு வந்தார்.

"இன்னைக்கு நல்லா சிரிச்சீருவே. இதுவரைக்கும் இப்படிச் சிரிக்கல நீரு."

"ஜோக்கு எப்படி இருந்திச்சு, அண்ணாச்சி?"

"எந்த ஜோக்கு?" என்றபடி குனிந்து, சிரிப்பு மைக்கை அக்கறையாக, சுற்றிச் சுற்றித் துடைத்தார். பேச்சு மைக்கைத் துடைக்காமலே கழற்றிப் பெட்டியில் போட்டார்.